பட்டமும் விதையும்

புதுக்கோட்டை மாவட்டத்தின் நிலப்படத்தை விரித்து நோக்குவார்க்கு முதலில் புலப்படுவன கண்மாய்களே. சிறியனவும் பெரியனவுமாக 5,000க்கு மேற்பட்ட ஏரிகளும் கண்மாய்களும் அம்மாவட்டத்தில் உள்ளன. வெள்ளாறு, அக்கினியாறு, அம்புலியாறு, பாம்பாறு என்னும் ஆறுகள் இருப்பினும், அவை மழை பெய்த நாளில் நீராறும் மற்றை நாளில் மணலாறுமாய்க் கிடப்பன. அறந்தாங்கி, ஆவுடையார்கோவில் பக்கங்களில் ஒரு பகுதி நிலத்திற்குக் கல்லணைக் கால்வாய் காவிரி நீரைக் கொண்டுவந்து தருகிறது. ஆலங்குடி, கீரமங்கலம் பக்கங்களில் ஆழ்துளைக் கிணறுகள் மிகுதி. எஞ்சிய நிலம் வானத்தை நோக்கியே இருக்கின்றது. மண்ணும் பெரும்பாலும் செம்மண்ணும் செம்பொறை மண்ணுமே. பெய்த நீரை நெடுநாள் தன்னகத்தே வைத்துக்கொள்ளும் ஆற்றல் அதற்குக் குறைவு.

ஓர் ஆண்டில் அங்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 900 மில்லிமீட்டர். அதனுள் பாதிக்கு அணித்தான பங்கு, ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவக்காற்றினால் வருவது. ஆனி முதல் புரட்டாசி வரை மாலை வேளைகளில் இடியோடு வரும் மழை மற்றொரு பெரும்பங்கு. இவ்விரண்டும் ஒரே தன்மையன அல்ல. முன்னது கண்மாயை நிரப்பும். பின்னது மண்ணை நனைக்கும். கண்மாயை நிரப்பும் மழை நெல்லுக்கு உரியது. மண்ணை நனைக்கும் மழை நிலக்கடலைக்கும் எள்ளுக்கும் வரகு, சாமை முதலிய சிறுதானியங்களுக்கும் உரியது.

தமிழ் இலக்கணம் ஓர் ஆண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தது. உழவர் பகுத்த பகுப்போ வேறு. இன்ன பயிரை இன்ன காலத்தில் விதைத்தால் அது பூக்கும்போது ஈரமும், முற்றும்போது வெயிலும் கிடைக்கும் என்று பல தலைமுறையாகக் கண்டறிந்த காலத்திற்குப் பட்டம் என்று பெயர் வைத்தனர். ஆடிப்பட்டம், கார்த்திகைப்பட்டம், மார்கழிப்பட்டம், மாசிப்பட்டம், சித்திரைப்பட்டம் என்பன அவை. ஆடிப்பட்டம் தேடி விதைக்க வேண்டும் என்னும் பழமொழியை அறியாத சிறுவரும் தமிழ்நாட்டில் இலர். அப்பழமொழியில் ‘தேடி’ என்னும் சொல் பட்டத்தைத் தேடுதலைக் குறித்தது என்றே யாவரும் கொள்வர். ஆயினும், ஆனி மாதக் கடைசியில் ஒரு செம்மண் நிலத்து உழவர் உண்மையில் தேடி அலைவது பட்டத்தை அன்று. அது தானே வந்துவிடும். அவர் தேடுவது விதையை.

மழை ஒரு மாலையில் பெய்கிறது. நிலம் உழவுக்குப் பதமாக இருக்கும் காலம் நான்கைந்து நாள்களே. அந்நாள்களில் விதை கையில் இருந்தால் பட்டம் வாய்த்தது. இல்லையேல், நல்ல மழை பெய்தும் அது தவறியதே ஆகும். ஆகவே பயிர்த்திட்டம் என்பது நிலத்தை உழும் நாளில் தொடங்குவது அன்று. விதைக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, அவ்விதை எந்நிலத்தில், எந்தப் பட்டத்தில், எவருடைய கிணற்று நீரால் விளைய வேண்டும் என்று முன்னரே உறுதி செய்வதே பயிர்த்திட்டமாகும்.

விதையைக் காத்தல் எளிய செயலன்று என்பதைப் பழந்தமிழர் நன்கு அறிந்திருந்தனர். புறநானூற்றில் ஒரு பாட்டு, வறிய சிற்றூரில் வாழும் மனைவி ஒருத்தியைக் காட்டுகிறது. விருந்தினர் வந்துவிட்டனர், வீட்டில் உணவுத் தினை தீர்ந்துவிட்டது. அளந்து வாங்கி அவ்வளவே திருப்பித் தருவதாகிய குறியெதிர்ப்பையும் அவளுக்கு எங்கும் கிடைக்கவில்லை. விதைக்கென்று கதிரோடு உலரவைத்திருந்த தினையை எடுத்து உரலில் இட்டுக் குற்றுகின்றாள். பெரியபுராணத்து இளையான்குடி மாறனார், பகலில் விதைத்த நெல்லை நள்ளிரவு மழையில் சென்று வாரிவந்து அடியார்க்கு அமுது படைத்த வரலாறும் யாவரும் அறிந்ததே. புலவர் இவற்றை விருந்தோம்பலின் சிறப்புக்காகப் பாடினர். வேளாண்மையை நோக்கும் கண்ணோடு படித்தாலோ, அடுத்த பட்டத்தில் அவ்வீட்டார் எதை விதைத்தனர் என்னும் வினா எழாமற் போகாது. பஞ்சம் வந்த ஊரில் முதலில் உண்ணப்படுவது சோறு. இறுதியில் உண்ணப்படுவது விதை.

எல்லாப் பயிருக்கும் விதையின் சிக்கல் ஒன்றுபோல் இருப்பதில்லை. நெல்லும் வரகும் கேழ்வரகும் நன்கு உலர்த்தி வைத்தால் ஆண்டுக்கு மேலும் முளைக்கும் திறன் குன்றாதவை. கோபுரக் கலசங்களில் வரகு முதலிய தானியங்களை இட்டு, குடமுழுக்கின்போது மாற்றும் வழக்கம் இன்றும் உண்டு. வெள்ளம் வந்து ஊரே அழிந்தாலும் விதை பிழைத்திருக்க வேண்டும் என்று முன்னோர் அவ்வாறு செய்தனர் என்று சிலர் காரணம் கூறுவர். கேட்பதற்கு இனிய காரணமே. எனினும் கலசத்துத் தானியத்தை நம்பி நிலத்தை உழும் உழவர் எவரும் இலர். எண்ணெய் வித்துகளின் நிலைமை இதற்கு மாறானது. எண்ணெய்ப் பசை உள்ள பருப்பு விரைவில் கெடும். அவற்றுள்ளும் நிலக்கடலை மிக மென்மையானது. ஓட்டோடு நன்கு காத்து வைத்தாலும் எட்டு அல்லது ஒன்பது திங்களுக்கு மேல் அதன் முளைப்புத் திறனை நம்புதற்கில்லை.

நிலக்கடலை தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஆகையால் சங்கச் செய்யுட்களில் அதனைத் தேடுவது வீண். மணிலாக்கொட்டை என்று தமிழ்நாட்டின் வடபகுதியில் வழங்கும் பெயரே அது கடல் கடந்து வந்ததைக் காட்டும். புதுக்கோட்டைப் பக்கத்திலோ ‘கடலை’ என்றாலே அதுதான். வந்த பயிராயினும் செம்மண் நிலத்தைத் தன் சொந்த நிலமாக்கிக்கொண்டது. வரகும் சாமையும் நின்ற புன்செய்களில் பலவற்றை அதுவே பிடித்துக்கொண்டது. அதனோடு ஒரு புதுக் கவலையும் வந்தது. அதனை விளக்க ஒரு சிறு கணக்கு வேண்டும்.

ஒரு மடங்கு விதையை விதைத்தால் எத்தனை மடங்கு நல்ல விதை திரும்பக் கிடைக்கும் என்பதனை விதைப்பெருக்க விகிதம் என்பர். வேளாண் துறையினர் கணக்கிடுதற்குக் கொள்ளும் அளவின்படி, நெல்லுக்கு அது 80 மடங்கு. உளுந்துக்கு 40 மடங்கு. எள்ளுக்கு 250 மடங்கு. நிலக்கடலைக்கு 8 மடங்கே. ஓர் ஏக்கரில் விளைந்த நெல் விதையை மூன்று தலைமுறை பெருக்கினால், 80 ஏக்கர், 6,400 ஏக்கர், 5,12,000 ஏக்கர் என்று விரியும். அவ்வாறே ஓர் ஏக்கர் நிலக்கடலை விதையைப் பெருக்கினால், 8 ஏக்கர், 64 ஏக்கர், 512 ஏக்கர் என்ற அளவிலேயே நின்றுவிடும். மூன்று தலைமுறையில் ஒன்றுக்கு ஆயிரம் என்னும் வேறுபாடு உண்டாகிறது. ஒரு புதிய நெல் வகை சில ஆண்டுகளில் நாடெங்கும் பரவிவிடுவதும், நல்ல நிலக்கடலை வகை ஒன்று ஊரூராக மெல்ல நடந்து வருவதும் இதனாலேதான்.

விதையின் எடையையும் நோக்குதல் வேண்டும். ஓர் ஏக்கருக்கு எள் விதை 2 கிலோ போதும். நிலக்கடலைக்கோ 50 கிலோ பருப்பு வேண்டும். அதனை ஓட்டோடு கொண்டால் 70 முதல் 80 கிலோ ஆகும். நூறு ஏக்கர் எள் விதைக்கும் ஊர்க்கு வேண்டிய 200 கிலோ விதையை ஒரு மாட்டுவண்டியில் ஏற்றிவிடலாம். நூறு ஏக்கர் கடலைக்கு வேண்டிய 8,000 கிலோ காய்க்கு லாரி வேண்டும். அதனை வாங்கும் பணமும் வேண்டும். தொலைவிலிருந்து வரும் கடலை விதை வழியில் மூட்டையோடு மூட்டை மோதி ஓடு உடையும். பருப்பின் மெல்லிய தோல் கிழிந்தால் முளைப்பு குறையும். கடலை விதை கூடியவரையில் விதைக்கும் நிலத்திற்கு அருகில் விளைய வேண்டும் என்று கூறுவது ஊர்ப்பற்றினால் அன்று, இக்காரணங்களினாலேயே ஆகும்.

இனி அருகில் விளைவிப்பது எப்படி என்பதைக் காண்போம்.

ஆடிப்பட்டத்துக் கடலை மானாவாரிப் பயிர். ஆனிக் கடைசியிலோ ஆடி முதலிலோ விதைத்தால் சுமார் 105 நாளில், புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசியிலும் அறுவடைக்கு வரும். அது வடகிழக்கு மழை தொடங்கும் நேரம். கொத்துக் கடலை வகைகளில் பெரும்பாலானவற்றிற்கு விதையுறக்கம் இல்லை. முற்றிய காய் மண்ணுக்குள் இருக்கும்போதே மழை பெய்தால் அங்கேயே முளை விடும். பறித்த காயை உலர்த்த வெயிலும் இராது; ஈரக்காயில் பூஞ்சணம் பிடிக்கும். உண்பதற்கும் செக்குக்கும் உதவும் அக்காய், விதைக்கு நம்பத்தக்கது அன்று.

மார்கழிப்பட்டத்துக் கடலை இறவைப் பயிர். மார்கழியில் விதைத்தது பங்குனிக் கடைசியிலும் சித்திரையிலும் பறிக்கப்படும். அப்போது வானம் தெளிவாக இருக்கும். காய் நன்றாக உலரும். அதனை வைகாசி, ஆனி ஆகிய இரண்டு திங்கள் காத்து வைத்தால் ஆடிப்பட்டத்திற்குத் தரமான விதை ஆயத்தம். ஆகவே ஆடிக்கு வேண்டிய விதை மார்கழியில் விளைவதே முறை. மானாவாரி உழவருக்கோ மார்கழியில் கடலை பயிரிடக் கிணறு இல்லை. கிணறு உள்ளவரோ ஆடி மழையை அவ்வளவாக நம்பியிருப்பவர் அல்லர். இவ்விருவரும் ஓரூரில் இருந்தும் ஒருவர் நிலை மற்றவர்க்குப் படுவதில்லை. வானம் பார்த்த நிலத்தாரின் விதை, கிணற்று நிலத்தாரின் தோட்டத்தில்தான் இருக்கின்றது என்பதே அம்மாவட்டத்துப் பயிர்த்திட்டத்தின் உயிர்நிலை. இருவரும் கார்த்திகையிலேயே கூடிப் பேசி, ‘ஆடிக்கு இத்தனை மூட்டை விதைக்காய் வேண்டும், அதற்கு இத்தனை ஏக்கர் விதைப்பண்ணை வேண்டும்’ என்று முடிவு செய்யாவிட்டால், சித்திரையில் களத்துக்கு வரும் வியாபாரி எல்லாக் காயையும் எண்ணெய்க்கு வாங்கிச் சென்றுவிடுவார். பிறகு ஆடியில் அதே காய், விதை என்னும் பெயரோடு, உயர்ந்த விலையில், எந்த நிலத்தில் எப்போது விளைந்தது என்று தெரியாமல் ஊருக்குத் திரும்பி வரும்.

நூறு ஏக்கர் ஆடிக் கடலைக்கு எவ்வளவு விதைப்பண்ணை வேண்டும் என்பதை எட்டு மடங்குக் கணக்கைக் கொண்டே அறியலாம். நூறை எட்டால் வகுக்கப் பன்னிரண்டரை ஏக்கர். காய் பொறுக்கிக் கழிப்பதற்கும், நோய்க்கும், எலிக்கும் இடம் விட்டுப் பதினைந்து ஏக்கர் எனக் கொள்ளுதல் நன்று. எள்ளாயின் நூறு ஏக்கருக்கு நாற்பது சென்டு போதும். நெல்லாயின் ஒன்றேகால் ஏக்கர். எனவே எள் விதையையும் நெல் விதையையும் ஒரே குடும்பம் ஊருக்காக விளைவித்துத் தரவியலும். கடலை விதையைப் பல தோட்டங்கள் சேர்ந்தே விளைவிக்க வேண்டும்.

கடலுக்கு அணித்தான திருவாரூர் மாவட்டத்தில் நெல் ஜெயராமன் என்பவர் மரபு நெல் வகைகளைத் தேடித் திரட்டினார். 2006 முதல் திருத்துறைப்பூண்டி வட்டத்து ஆதிரெங்கத்தில் அவர் நடத்திய நெல் திருவிழாவில், வந்த உழவர்க்கு 2 கிலோ விதை கொடுப்பார்; அவர்கள் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது ஒப்பந்தம். 2018 டிசம்பரில் அவர் மறைந்தார்; அவர் கொடுத்த விதைகள் பல மாவட்டங்களில் முளைத்துள்ளன. பழைய குறியெதிர்ப்பையின் புதிய வடிவம் இது. நெல்லுக்கு இம்முறை மிகப் பொருந்தும். 2 கிலோ நெல் 160 கிலோவாகும்போது, 4 கிலோவைத் திருப்பித் தருவதில் எவர்க்கும் வருத்தமில்லை. இதே ஒப்பந்தத்தைக் கடலைக்குச் செய்தாலோ, 80 கிலோ வாங்கியவர் 640 கிலோ விளைவித்து 160 கிலோ தர வேண்டும். விளைச்சலில் காற்பங்கு போய்விடும். ஆகவே கடலையில் விதைக்கடனை அளவுக்கு அளவே திரும்பப் பெறுவதும், விதை விளைவித்தவர்க்குச் சந்தை விலைக்குமேல் சிறிது கூட்டித் தருவதுமே நடைமுறைக்கு ஏற்கும். ஒரு பயிருக்கு நன்றாய் அமைந்த ஏற்பாட்டை மற்றொன்றுக்கு அப்படியே எடுத்துச் செல்வது கூடாது.

அரசின் ஏற்பாடுகளையும் கூற வேண்டும். 2005–06இல் இந்திய அரசு தொடங்கிய விதைக் கிராமத் திட்டம் இக்கருத்தையே அடிப்படையாகக் கொண்டது. ஓரூர் உழவர்க்கு நல்ல விதையை ஓர் ஏக்கர் அளவுக்கு மானிய விலையில் கொடுத்து, விதைக்கும் காலம், பூக்கும் காலம், அறுவடைக் காலம் என மூன்று முறை பயிற்சியும் தந்து, அவ்வூருக்கு வேண்டிய விதையை அவ்வூரிலேயே விளைவிக்கச் செய்வது அதன் நோக்கம். தானியங்களுக்குப் பாதி விலையும், பயறுக்கும் எண்ணெய் வித்துக்கும் நூற்றுக்கு அறுபது பங்கும் மானியமாக வகுக்கப்பட்டன. வட்டாரந்தோறும் உள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தில் இவ்விதைகள் கிடைக்கும். இசைக் கல்வெட்டால் புகழ்பெற்ற குடுமியான்மலையில் அண்ணா பண்ணை என்னும் அரசு பண்ணை உள்ளது. ஆலங்குடிக்கு அருகில் வம்பனில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசியப் பயறு ஆராய்ச்சி மையமும் வேளாண் அறிவியல் நிலையமும் உள்ளன. வம்பன் 8, வம்பன் 11 முதலிய உளுந்து வகைகள் அவ்வூரின் பெயரையே தாங்கிப் பிற மாவட்டங்களுக்கும் சென்றுள்ளன. இலுப்பூர்ப் பக்கத்து இடையப்பட்டியில், எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு உழவர்கள் பண்ணைக் குட்டைகள் வெட்டி மழைநீரைத் தேக்கி உளுந்தும் துவரையும் விளைவித்தனர். அவ்வூர் ‘பயறு ஊராட்சி’ என்று பெயர் பெற்றது. விளைந்ததைப் பருப்புக்கு விற்பதோடு நில்லாமல் விதையாகவும் விற்கக் கற்றுக்கொண்டமையே அவர்கள் செய்தவற்றுள் சிறந்ததாகும்.

விதையின் தரத்தைக் கண்டறிய 1966ஆம் ஆண்டு விதைச் சட்டம் வழி வகுத்தது. மூட்டையில் கட்டிய அட்டையின் நிறமே அதன் தலைமுறையை உரைக்கும். வல்லுநர் விதைக்கு மஞ்சள், ஆதார விதைக்கு வெள்ளை, சான்று விதைக்கு நீலம். சான்று பெற நிலக்கடலை நூற்றுக்கு எழுபதும், உளுந்து எழுபத்தைந்தும், நெல்லும் எள்ளும் எண்பதும் முளைத்தல் வேண்டும். விதைப்பயிரில் வேறு வகைச் செடிகள் கலவாதிருக்க விலகு தூரமும் விதிக்கப்பட்டுள்ளது. தன் மகரந்தத்தாலேயே கருவுறும் நெல்லுக்கும் கடலைக்கும் மூன்று மீட்டர் போதும். தேனீக்கள் நாடி வரும் எள்ளுக்கு ஐம்பது மீட்டர் வேண்டும். வயலினூடே நடந்து, உயரத்தாலோ பூவின் நிறத்தாலோ வேறுபட்டு நிற்கும் செடிகளைப் பிடுங்கி எறிவதனைக் கலவன் நீக்குதல் என்பர். இதனைச் செய்யக் கருவி வேண்டா, கண் வேண்டும்.

நெல், உளுந்து, கடலை ஆகியவற்றில் நல்ல விதையை ஒருமுறை வாங்கினால், கலவன் நீக்கி மூன்றாண்டு வரையில் சொந்த விதையாகவே வைத்துக்கொள்ளலாம். பிறகு புதுப்பித்தல் வேண்டும். வீரிய ஒட்டு மக்காச்சோளத்திற்கு இவ்வழி செல்லாது. அதன் விளைச்சலை மீண்டும் விதைத்தால் பயிர் ஒருசீராக வாராது. ஆண்டுதோறும் விலை கொடுத்தே வாங்க வேண்டும். மக்காச்சோளத்தைப் பயிரிடக் கருதுவோர் விதைக்கான பணத்தையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

கண்மாய்ப் பாசன நெல்லில் கவலை வேறு விதமானது. அங்கே விதை போதுமா என்பதைவிட, எந்த விதை என்பதே கேள்வி. ஆவணியிலேயே நல்ல மழை பெய்து கண்மாயில் நீர் சேருமாயின், சி.ஆர். 1009 போன்ற 155 நாளுக்கு மேற்பட்ட நெடுங்கால வகையை விதைக்கலாம். தை மாதம் வரை மடையில் நீர் வரும் என்று நம்பலாம். ஐப்பசி வந்தும் கண்மாய் வறண்டிருந்தால் அவ்வகையை விதைப்பது துணிவன்று, பேதைமை. அப்போது 105 முதல் 110 நாளில் முற்றும் ஏ.டி.டி. 36, கோ 51 போன்ற குறுகிய கால வகையே தக்கது. வானம் என்ன செய்யும் என்று புரட்டாசியில் எவரும் அறியார். ஆகையால் இரண்டு வகை விதையும் அருகில் இருத்தல் வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் இரண்டையும் வாங்கி வைத்தல் இயலாது. ஆயின் ஓர் ஊரில், ஒரு கூட்டுறவுச் சங்கத்தில், ஒரு விரிவாக்க மையத்தில் வைத்தல் இயலும். ஊர்த்திட்டம் என்று தனியே ஒன்று வேண்டுவது இதற்காகவே.

மழை முற்றும் பொய்த்த ஆண்டுகளும் உண்டு. 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பில் பாதி அளவும் பெய்யவில்லை. 2017 சனவரியில் அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களாக அறிவித்தது. அத்தகைய ஆண்டில் உணவுப் பயிரோடு விதைப்பயிரும் காய்ந்துவிடும் என்பதைப் பலர் எண்ணுவதில்லை. நெல் விதை முந்தைய ஆண்டிலிருந்து எஞ்சியிருக்கக்கூடும். கடலை விதை எஞ்சாது. அதன் ஆயுள் அவ்வளவே. எனவே மார்கழி விதைப்பண்ணையை ஒரே கண்மாயின் கீழோ, ஒரே கிணற்றைச் சார்ந்தோ வையாமல், நீர் வளம் வேறுபட்ட இரண்டு மூன்று இடங்களில் பிரித்து வைப்பது அறிவுடைமை. ஆலங்குடிப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தோட்டத்தில் ஒரு பகுதி விளைந்தால், திருமயம், பொன்னமராவதிப் பக்கத்து மானாவாரிக்கு அது உதவும்.

மழை காலந்தாழ்ந்து வருதலும் உண்டு. ஆவணி பாதி கழிந்த பின் முதல் நல்ல மழை பெய்தால், அப்போது கடலை விதைப்பவர் கார்த்திகையில், பெருமழையின் நடுவே பறிக்க நேரும். அந்நிலையில் சாமை போன்ற குறுகிய காலத் தானியமோ, 65 முதல் 75 நாளில் முற்றும் உளுந்தோ, பின்னர்க் கொள்ளோ விதைத்து நிலத்தைத் தரிசு போகாமல் காத்தல் நலம். இவற்றின் விதை எடையில் சிறியது; வைத்திருக்கும் செலவும் குறைவு. ஆண்டுக்கு ஆண்டு பயன்படாமற் போனாலும், வேண்டும் ஆண்டில் இருக்கும். ஒரு காலத்தில் வரகும் சாமையும் புதுக்கோட்டைப் புன்செய்களின் முதன்மைப் பயிர்களாக இருந்தவை. அவற்றை முற்றிலும் கைவிட்டமை, உணவின் இழப்பு மட்டுமன்று. மழை பிந்திய ஆண்டுக்கென்று இருந்த மாற்று விதையின் இழப்புமாகும்.

நெல் அறுவடைக்குப் பின் வயலில் எஞ்சும் ஈரத்தையும் திட்டம் மறத்தலாகாது. தை மாதத்தில், அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் இருக்கும்போதே, நிற்கும் நெல்லின் ஊடே உளுந்தைத் தூவுவர். நெல் அறுபட்டதும் உளுந்து வெளிப்படும். பனி ஈரத்திலேயே வளர்ந்து முற்றும். நீர் சற்றுக் கிடைக்கும் இடங்களில் மாசிப்பட்டத்து எள்ளை விதைத்தால் 80 முதல் 85 நாளில் கைக்கு வரும். உளுந்துக்குச் செய்ய வேண்டிய ஒரே முன்னேற்பாடு, தை பிறக்குமுன் விதையை வீட்டில் வைத்திருத்தல். நெல் நிற்கும் நாள்களில் உளுந்தை நினைப்பவர் சிலரே. ஆகவே ஈரம் வீணே உலர்கின்றது.

விதைக்கென்று விளைந்த கடலையைக் காக்கும் முறை தனியே அறியத்தக்கது. செடி பூத்துக் காய் இறங்கும் 40 முதல் 45 நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைத்தால், அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தால் பருப்பு நிறையும், பொக்குக்காய் குறையும். பறித்த காயைச் சிமெண்டுத் தளத்தில் உச்சி வெயிலில் பரப்பலாகாது. சூடு ஏறி முளை கெடும். காலை, மாலை இளவெயிலில் பரப்பி, நண்பகலில் குவித்து மூடி, ஈரம் நூற்றுக்கு ஒன்பதுக்குள் வரும்வரை உலர்த்துவர். காயைக் காதருகில் வைத்துக் குலுக்கினால் பருப்பு ஓட்டில் மோதும் ஓசை தெளிவாகக் கேட்க வேண்டும். பிறகு சாக்கில் கட்டி, தரையிலும் சுவரிலும் படாமல் மரப்பலகையின்மேல் அடுக்குவர். வேப்பிலை, நொச்சியிலை இடும் வழக்கமும் உண்டு. உர மூட்டைக்கு அருகில் விதை மூட்டையை வைத்தல் ஆகாது. வகையின் பெயரும் அறுவடை நாளும் எழுதிய அட்டை ஒவ்வொரு மூட்டையிலும் இருந்தால், ஆனியில் எவரும் ஊகித்து வாங்க வேண்டிய நிலை வாராது.

ஆனி நடுவில் முளைப்புத் திறனைச் சோதித்தல் வேண்டும். இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. பள்ளி மாணவரும் செய்யலாம். மூட்டையின் மேலும் நடுவும் அடியுமாக எடுத்த காய்களை உடைத்து, பொறுக்காமல் 100 பருப்புகளை எண்ணி, நனைத்த கோணிச் சாக்கில் வரிசையாக வைத்துச் சுருட்டி நிழலில் வைப்பர். சாக்கு காயாமல் நீர் தெளித்துவர, பத்தாம் நாளில் நன்றாக முளைத்தவற்றை எண்ணலாம். எழுபதுக்கு மேல் முளைத்தால் அம்மூட்டை விதைக்குத் தகும். அறுபது முளைத்தால் அளவைக் கூட்டி விதைக்கலாம், செலவும் கூடும். ஐம்பதுக்குக் கீழாயின் அதனைச் செக்குக்கு அனுப்பிவிட்டு வேறு விதை தேடப் பத்து நாளேனும் மிச்சம் இருக்கும். சோதனையை மழைக்கு முன் செய்வதன் பயன் அப்பத்து நாளே.

தகுதி பெற்ற காயை விதைப்பதற்கு ஒரு வாரத்திற்கு முன்னர் கையால் உடைப்பர். இயந்திரத்தில் உடைத்தால் விரைவு உண்டு. பருப்பின் தோல் உரிதலும் பிளத்தலும் உண்டு. மாலை வேளைகளில் வீட்டுத் திண்ணையில் பெண்கள் கூடியிருந்து உடைக்கும்போதே சுருங்கியதும் நிறம் மாறியதும் பிளந்ததும் தனியே விலக்கப்படும். விலக்கியது குழம்புக்கும் வறுப்பதற்கும் போகும். எஞ்சியதில் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை தரும் பூஞ்சணப் பொடியைக் கலந்து வைத்தால் வேரழுகல் குறையும். பிறகு மழைக்குக் காத்திருக்க வேண்டியதே. முதல் மழை பெய்த மறுநாள், ஈரம் காய்வதற்குள், ஏரோ டிராக்டரோ முன்னே செல்ல, அதன்பின் சாலில் விதை விழத் தொடங்கும். அப்பொழுதே ஊரில் மற்றொருவர், வரும் மார்கழியில் எந்தத் தோட்டத்தில் விதைப்பண்ணை அமைப்பது என்று ஏட்டில் குறித்து வைத்திருப்பார்.